பனியாறு கட்டிய இன்ஜினியர் தாத்தா!



பள்ளிக்கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஓடும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "யாரப்பா அது? வந்து மூடிட்டுப் போ!" என்று வராந்தாவில் இருந்தே சத்தம் போடுவேன். ஆனால், குளிர்காலத்தில் குழாயை வேண்டுமென்றே திறந்து வைக்கிற ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே மூடினால்தான் திட்டு விழும்!

அந்த ஊரின் பெயர் லே. இந்தியாவின் வடக்குக் கோடியில், லடாக்கில் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். நம் தமிழ்நாட்டின் மிக உயரமான இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அப்படியென்றால் லே எவ்வளவு உயரம், எவ்வளவு குளிர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே 20 டிகிரி வரை இறங்கிவிடும். குழாயை மூடினால் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்துவிடும். உறையும்போது தண்ணீரின் பருமன் கூடும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே? குழாய் வெடித்துவிடும். அதனால்தான் தண்ணீரைக் கொஞ்சமாக ஓடவிட்டு வைப்பார்கள்.

அப்படி வீணாக ஓடிய தண்ணீரைத்தான் ஒரு நாள் ஓர் இன்ஜினியர் உற்றுப் பார்த்தார். அவர் பெயர் செவாங் நார்பெல்.

1935-ல் பிறந்த நார்பெல், லேயைச் சேர்ந்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை. லக்னோவுக்குப் போய் சிவில் இன்ஜினியரிங் டிப்ளமோ படித்தார். 1960-ல் ஊருக்குத் திரும்பி, ஜம்மு-காஷ்மீர் அரசின் ஊரக வளர்ச்சித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். (லடாக் அப்போது அந்த மாநிலத்தோடு இருந்தது, 2019-ல்தான் தனி யூனியன் பிரதேசம் ஆனது.) சாலை, சிறு பாலம், வாய்க்கால், கட்டடம் என்று ஊர் ஊராகப் போய்க் கட்டிக் கொடுப்பதுதான் அவர் வேலை. சுமார் 35 ஆண்டுகள் இப்படி மலை ஏறி இறங்கினார். அதனால் லடாக்கின் கிராமங்களும், அங்குள்ள குடும்பங்களின் கஷ்டமும் அவருக்கு அத்துப்படி.

என்ன கஷ்டம் என்கிறீர்களா? தண்ணீர்தான்!

சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லேயில் 100 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிய விஷயம். மழை மேகங்களை இமயமலை நந்தி மாதிரி குறுக்கே நின்று தடுத்துவிடுகிறது. எனவே மலை உச்சியில் இருக்கும் பனியாறுகள் உருகி வரும் தண்ணீரை நம்பித்தான் அங்கே விவசாயம். ஆண்டுக்கு ஒரே ஒரு போகம். பார்லி விதைப்பார்கள், கொஞ்சம் கோதுமையும் விதைப்பார்கள். பார்லியை வறுத்து அரைத்த மாவுதான் அவர்களுக்கு நம் சத்துமாவு மாதிரி. வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரில் பிசைந்து சாப்பிடுவார்கள். வயல் காய்ந்தால் வீட்டில் மாவுப் பானையும் காலி, மாட்டுக்குத் தீவனமும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் விதைக்க வேண்டும். அப்போதுதான் செப்டம்பரில் குளிர் வருவதற்குள் கதிர் முற்றும். ஆனால், பனியாறுகள் எங்கோ 5,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அங்கே ஜூன் மாதம்தான் பனி நன்றாக உருகத் தொடங்கும். அதாவது, சாப்பாட்டு மணி அடித்து ஒன்றரை மணி நேரம் கழித்துச் சத்துணவு வந்து சேருவது மாதிரி! விதைக்கும் காலத்தில் ஓடைகளில் தண்ணீர் இல்லை. யார் வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்று அக்கம்பக்கத்தாருக்குள் சண்டை வரும். அதைப் பங்கிட்டுக் கொடுக்கவே கிராமத்தில் ஒருவரை நியமிப்பார்கள். நம் ஊர் நீர்க்கட்டியார் மாதிரி. அவருக்கு அங்கே சுர்பொன் என்று பெயர்.

போதாக்குறைக்கு, பூமி வெப்பமடைவதால் பனியாறுகள் வேறு சுருங்கிக்கொண்டே போயின. ஆனால் அதே ஓடைகளில், குளிர்காலம் முழுக்க, வயலுக்கு யாருக்கும் தேவைப்படாத நேரத்தில், கொஞ்சமாவது தண்ணீர் ஓடி சிந்து நதியில் போய்க் கலந்துகொண்டிருந்தது.

இனி குழாய்க் கதைக்கு வருவோம். திறந்துவிட்ட குழாயில் இருந்து வழிந்த தண்ணீர் வேகமாக ஓடிய இடத்தில் உறையவில்லை. பாப்ளர் மரங்களின் நிழலில், மெதுவாக, மெல்லிய தகடு போலப் பரவிய இடத்தில் மட்டும் கெட்டியான பனிக்கட்டியாகிக் கிடந்தது. எத்தனையோ பேர் நூறு தடவை பார்த்த காட்சிதான். நார்பெல் மட்டும் அங்கேயே நின்று யோசித்தார். வேகத்தைக் குறைத்தால், ஆழத்தைக் குறைத்தால், நிழலும் கொடுத்தால் தண்ணீர் உறைகிறது. இதையே மலையில் செய்தால்?

குளிர்காலத் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கி, கிராமத்துக்குப் பக்கத்திலேயே சேமித்து வைத்துவிடலாம் அல்லவா? உச்சியைவிடக் கீழே இருப்பதால் அது ஏப்ரல், மே மாதங்களிலேயே உருகி வரும்!

யோசனையைச் சொன்னதும் ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? சிரித்தார்கள்! பனியாறு என்பது இயற்கை உண்டாக்குவது. இந்த மனிதர் அதைக் கட்டப் போகிறாராம், கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன்.

1987-ல் ஃபுக்ட்சே என்ற கிராமத்தில் வேலை தொடங்கியது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஊர்க்காரர்களின் கைகளும் மலைக்கற்களும்தான். நவம்பர் மாதத்தில் ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, வெயில் படாத, மலை நிழல் விழும் சரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சரிவில் வரிசையாகக் கல் சுவர்கள் எழுப்பினார்கள். தண்ணீர் ஒரு சுவரில் மோதி நின்று, பரவி, மெல்ல வழிந்து அடுத்த சுவருக்குப் போகும். போகிற வழியில் உறைந்துவிடும். மறுநாள் அதன்மேல் இன்னொரு படலம். அதன்மேல் இன்னொன்று. தோசைமேல் தோசையாக அடுக்கியது போல, குளிர்காலம் முடிவதற்குள் ஒரு பனியாறே தயார்!

ஃபுக்ட்சேயில் உருவானதன் அளவு என்ன தெரியுமா? நீளம் 1,000 அடி, அகலம் 150 அடி, ஆழம் 4 அடி. பென்சிலை எடுங்கள், ஒரு கணக்குப் போடலாம். மூன்றையும் பெருக்கினால் 6 லட்சம் கன அடி. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். பனிக்கட்டி உருகினால் பருமன் கொஞ்சம் குறையும். அதையும் கழித்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர்! கோடையில் உங்கள் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதுபோல் 1,250 லாரிகள். 700 பேர் வாழும் கிராமத்துக்குப் போதுமான இந்தப் பனியாற்றைக் கட்ட ஆன செலவு 90 ஆயிரம் ரூபாய்.

இந்தக் கதையை என் பேரனிடம் சொன்னபோது, "ஏன் தாத்தா, பேசாமல் ஓர் அணையைக் கட்டியிருக்கலாமே?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். அணைக்கு சிமென்ட், கம்பி எல்லாவற்றையும் அந்த உயரத்துக்குச் சுமந்து போக வேண்டும். செலவு பல மடங்கு ஆகும். இன்னொன்று, அணையில் மதகைத் திறக்க ஆள் வேண்டும். இங்கே வெயிலே மதகைத் திறந்துவிடுகிறது! விதைப்புக் காலத்தில் வெயில் ஏற ஏறத் தானாக உருகி வயலுக்கு வரும். அதிலும் நார்பெல், ஒரே ஓடையில் வெவ்வேறு உயரங்களில் பனியாறுகளை அமைத்தார். கிராமத்துக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் இருப்பது முதலில் உருகும். அது தீரும்போது மேலே இருப்பது உருகத் தொடங்கும்.

1990-களின் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்வோம்? காலையில் பேப்பர் படிப்போம், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடுவோம். நார்பெல் தாத்தாவோ மறுபடியும் மலை ஏறினார். ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் பனியாறு கட்டினார். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஏறினார். நாங், ஸ்டக்மோ, சாபு, இகூ என்று பல கிராமங்களில் அவர் கைவண்ணம் உண்டு. 'பனி மனிதர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. 2015-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எல்லாம் வெற்றிதான் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். வெள்ளம் வந்தபோது சில இடங்களில் சுவர்கள் உடைந்தன. ஆகஸ்ட் 2010-ல் லேயில் பெய்த பேய் மழை பெரும் சேதத்தை உண்டாக்கியது. அதோடு, இந்தப் பனியாறு ஒரு முறை கட்டிவிட்டு மறந்துவிடுகிற சமாசாரம் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது மேலே போய் வாய்க்கால் அடைப்பை எடுக்க வேண்டும், சரிந்த கல்லை அடுக்க வேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரில்! ஊர் சேர்ந்து செய்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த ஆண்டு இல்லை. மலை நிழல் இல்லாத ஊர்களில் இதைக் கட்டவும் முடியாது.

அந்த நிழல் பிரச்னைக்கு வழி தேடியவர் லடாக்கைச் சேர்ந்த இன்னொரு இன்ஜினியரான சோனம் வாங்சுக். நார்பெல்லின் வேலையைப் பார்த்து ஊக்கம் பெற்றவர் அவர். 2013-14 குளிர்காலத்தில், குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து பீய்ச்சியடித்து, பனிக்கட்டியைக் கூம்பு வடிவத்தில் எழுப்பிப் பார்த்தார். வெயிலில் நின்றும் அது சட்டென்று உருகவில்லை! புத்தமதத்தினரின் ஸ்தூபி போல இருந்ததால் 'பனி ஸ்தூபி' என்று பெயர் வைத்தார்கள்.

கூம்பாக இருந்தால் ஏன் மெதுவாக உருக வேண்டும்? விடையை நான் சொல்ல மாட்டேன். இரண்டு தம்ளர்களில் சம அளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே தம்ளரோடும், மற்றதை அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றியும் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வையுங்கள். மறுநாள் இரண்டு பனிக்கட்டிகளையும் தனியே எடுத்து, இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளில் போட்டு வெயிலில் வையுங்கள். எது முதலில் உருகித் தீர்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஐஸ் பெட்டியில் மாவு ஏதாவது வைத்திருக்கப் போகிறார்!