மண் சொல்லும் சாட்சி



அகுஸ்து சீசரின் ஆட்சிக் காலத்தில் நம் ஆண்டவர் பிறந்தார் என்று லூக்கா எழுதுகிறார் (லூக் 2:1-7). அந்தக் காலத்தின் தடயம் நம் தமிழ் மண்ணிலும் உண்டு. அதை உலகறியச் செய்தவர்களுள் முன்னோடி, பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் (1885-1945).

1909-இல் ஆசிரியராகப் புதுச்சேரிக்கு வந்த இவர், நம் கோவில்களைப் பொறுமையோடு ஆராய்ந்தார். தூணின் மேலுள்ள போதிகையின் வடிவம் காலந்தோறும் மாறுவதைக் கவனித்து, அதைக்கொண்டே கோவில்களின் காலத்தைக் கணித்தார். 1914-இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். காஞ்சி கைலாசநாதர் கோவிலின் பல்லவர் கால ஓவியங்களை 1931-இல் கண்டறிந்தார்.

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ளது அரிக்கமேடு. அங்கே சிறுவர்கள் பொறுக்கிய மணிகளை 1937-இல் இவர் விலைகொடுத்து வாங்கினார். அங்கு கிடைத்த கல் ஒன்றில் செதுக்கியிருந்த முகம் அகுஸ்து சீசருடையது எனக் கருதினார். பிற்பாடு 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்கலங்களும் மதுச்சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. உரோமையோடு இவ்வூருக்கு இருந்த வாணிபம் உறுதியானது.

இதைப் புனித தோமையார் வருகைக்கு நேரடிச் சான்றாகச் சிலர் காட்டுவதுண்டு. அது சரியன்று. அவர் காலத்தில் கடல்வழி திறந்திருந்தது என்பதை மட்டுமே அரிக்கமேடு சொல்கிறது. உண்மையாம் இறைவனை வழிபடும் நாம், இருக்கும் சான்றை மிகைப்படுத்தத் தேவையில்லை.

அதே அரிக்கமேட்டில், 1770-களில் பாரிஸ் வேதபோதக சபையார் நடத்திய குருமடத்தின் இடிபாடுகளும் உள்ளன. 1930-இல் உருவான நம் சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் புருனியே ஆண்டகையும் அச்சபையைச் சேர்ந்தவரே.

குப்பனூரிலிருந்து நாம் அண்ணாந்து பார்க்கும் சேர்வராயன் மலையிலும் புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்துள்ளன. நம் காலடி மண்ணும் பேசும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? புதுக் கோவில் கட்டும் வேகத்தில் பழைய கல்வெட்டை உடைக்கிறோம். திருமுழுக்குப் பதிவேட்டைக் கரையானுக்கு விடுகிறோம். கல்லறைத் தோட்டத்துப் பெயர்ப்பலகையைப் பெயர்த்து எறிகிறோம். அவற்றில் இருப்பவை நமக்கு விசுவாசத்தைக் கையளித்தவர்களின் பெயர்கள் அல்லவா?

பிள்ளைகள் பொறுக்கிவந்த மணியை அந்த அறிஞர் அலட்சியம் செய்யவில்லை. நாமும் நம் பங்கின் பதிவேடுகளையும் கல்லறைகளையும் பேணுவோம். வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதி வைப்போம். முன்னோரின் விசுவாசத்தை மறவாத மக்களாய் வாழ இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.