பூவோடு வாழ்ந்தவர்கள் – 6: வேலியோரத்து இளவேனில்

1920-களில் லண்டனின் வசதியான வீடுகளில் விருந்து மேசைப் பூங்கொத்து எப்படியிருக்கும் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடலாம். கார்னேஷன் பூக்கள், இடையிடையே ஆஸ்பராகஸ் இலை, தலை சாயாதபடி ஒவ்வொரு பூவின் கழுத்திலும் சுற்றிய கம்பி. வெளியே மார்ச் பிறந்து வேலியெல்லாம் துளிர்த்துக்கொண்டிருக்கும். மேசையிலோ வருடம் முழுவதும் ஒரே பருவம்தான்.

இந்த வழக்கத்தை உடைத்தவர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை. 1886-இல் இங்கிலாந்தின் டார்பி நகரில் பிறந்தவர், அயர்லாந்தில் வளர்ந்தவர். பூக்கடைக்காரராக அவர் வாழ்க்கையைத் தொடங்கவில்லை. அயர்லாந்தின் கிராமங்களில் சுகாதாரம் பற்றிப் பேசும் விரிவுரையாளராக இருந்தார். 1921-இல் கிழக்கு லண்டனில், தொழிற்சாலை வேலைக்குப் போகும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் ஆனார். பூ அடுக்கும் கலையை அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்கு அல்ல, இந்த ஏழைப் பெண்களுக்குத்தான். அவரைப் பற்றிப் படித்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி இது. காசு கொடுத்துப் பூ வாங்க முடியாதவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர், காசில்லாமல் கிடைக்கும் பூக்களின் மேல் கண் வைத்தே ஆகவேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ‘ஃப்ளவர் டெகரேஷன்ஸ்’ என்ற பெயரில் சொந்தக் கடை வைத்தார். பழைய பாண்ட் தெருவில் அட்கின்சன்ஸ் வாசனைத் திரவியக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வேலியோரக் கொடிகளையும் காட்டுப் பூக்களையும் அவர் அடுக்கி வைக்க, போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். களை என்று பிடுங்கி எறிவதையும் சமையலறைக்குப் போகும் கேல் கீரையையும் சாடியில் வைத்தார். ரோஜாவுக்குப் பக்கத்தில் கீரை இலை. ஜாம் பாட்டில், குழம்புக் கிண்ணம், கேக் தட்டு, பறவைக் கூண்டு எல்லாம் அவருக்குப் பூச்சாடிதான்.

அவருடைய இளவேனில் ரசனை புரியவேண்டுமென்றால், நம் சித்திரை வெயிலைக் கொஞ்சம் மறக்கவேண்டும். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் அடைந்துவிடும். மரங்களில் இலை இருக்காது. அந்த இருட்டிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு மொட்டையும் அந்த ஊர்க்காரர்கள் விருந்தாளி வந்ததுபோல வரவேற்கிறார்கள். முதலில் தலை குனிந்த வெள்ளை ஸ்னோட்ராப். அடுத்து பச்சையும் மங்கிய ஊதாவுமாக ஹெல்லபோர். மார்ச்சில் டாஃபோடில், ஏப்ரலில் டியூலிப், மே மாதம் லைலாக். இலை துளிர்ப்பதற்கு முன்னாலேயே பஸ்ஸி வில்லோவின் வெறும் கம்புகளில் சாம்பல் நிற மொட்டுகள் மெத்தென்று வெடித்திருக்கும். இலையே இல்லாத அந்தக் கம்பையும் அழகென்று பார்த்ததுதான் ஸ்ப்ரையின் கண்.

இளவேனில் பூக்களோடு வேலை செய்வது எளிதல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். டாஃபோடிலை வெட்டினால் காம்பிலிருந்து வழவழவென்று ஒரு சாறு வடியும். அதே தண்ணீரில் நிற்கும் மற்ற பூக்களுக்கு, முக்கியமாக டியூலிப்புக்கு, அது ஆகாது. அதனால் டாஃபோடிலைச் சில மணி நேரம் தனி வாளியில் நிறுத்தி, சாறு வடிந்த பிறகு மற்றவற்றோடு சேர்ப்பார்கள். மறுபடி காம்பை நறுக்கினால் மறுபடி சாறு. ஹெல்லபோர் வெட்டிய கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும். காம்பின் நுனியைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கியெடுத்து, கழுத்தளவு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க நிறுத்தினால் காலையில் தலை நிமிரும். லைலாக் கிளையில் இலைகளை உருவிவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீரையெல்லாம் இலையே குடித்துவிடும், பூ வாடிவிடும்.

எல்லாவற்றையும்விட வேடிக்கையானது டியூலிப். வெட்டிச் சாடியில் வைத்த பிறகும் அதன் தண்டு வளரும். இரவில் நேராக அடுக்கிவிட்டுப் போனால் காலையில் இரண்டு மூன்று பூ மற்றவற்றை மீறி உயர்ந்திருக்கும். எல்லாமே ஜன்னல் பக்கம் திரும்பி வளைந்திருக்கும். வெளிச்சம் தேடும் பூ அது. நேராகவே நிற்க வேண்டும் என்று கழுத்தில் கம்பி செருகுகிறவர்கள் உண்டு. பூ தானாகப் போய் நிற்கும் இடமே அதற்குச் சரியான இடம் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. வளைந்த தண்டில்லாத டியூலிப் அலங்காரத்தில் பாதி அழகு போய்விட்டது என்றே சொல்வேன்.

1934-இல் ஸ்ப்ரையின் முதல் புத்தகம் வந்தது. அதே ஆண்டு கடை மேஃபேர் பகுதிக்கு மாறியது. 1953-இல் எலிசபெத் அரசி முடிசூடியபோது ஊர்வலப் பாதையின் பூ அலங்காரம் அவர் பொறுப்பில்தான் நடந்தது. 1960 ஜனவரியில் இறந்தார். மறு வருடம் டேவிட் ஆஸ்டின் என்ற ரோஜா வளர்ப்பாளர், தான் உருவாக்கிய முதல் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்.

பெயரும் புகழும் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் கையாண்ட கோழி வலையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க மனமில்லை. வலையைக் கசக்கி உருட்டிச் சாடிக்குள் திணிப்பார். அதன் கண்களுக்குள் காம்பு புகுந்து, செடியில் இருந்த சாய்விலேயே நிற்கும். 1954-இல் அமெரிக்காவில் ‘ஒயாசிஸ்’ என்ற பச்சை ஃபோம் வந்ததும், உலகம் முழுக்கப் பூ அலங்காரக்காரர்கள் அதற்கு மாறினார்கள். குத்தினால் நிற்கும், வேலை சுளுவாக முடியும். ஆனால் டாஃபோடில், டியூலிப் போன்ற மென்மையான காம்புகள் ஃபோமில் குத்தும்போதே நசுங்கும், தண்ணீரும் சரியாக ஏறாது. இளவேனில் பூக்களுக்கு ஃபோம் என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. அது மக்காத பிளாஸ்டிக் என்பது இன்னொரு கேடு. உதிர்ந்து பொடியாகி மண்ணிலும் நீரிலும் அப்படியே கிடக்கும்.

பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் செல்சி உட்படத் தன் கண்காட்சிகளில் ஃபோமைத் தடை செய்துவிட்டது. அலங்காரக்காரர்கள் மறுபடியும் கம்பி வலையைத் தேடிப் போகிறார்கள். நீங்களும் பூ அலங்காரம் பழக நினைத்தால் ஃபோம் கட்டி வாங்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் கோழி வலை இரண்டடி வெட்டித் தரச் சொல்லுங்கள். கழுவிக் காயவைத்துப் பல வருடங்கள் பயன்படுத்தலாம்.

(தொடரும்)