ஊர் கூடித் தரும் பைல்! "டாரண்டி"ல் ஏமாறாமல் இருப்பது எப்படி?

பாட்டு, படம், புத்தகம் எதுவானாலும் கம்ப்யூட்டரில் அது ஒரு "பைல்". பெரிய பைல் ஒன்றை ஒரே கம்ப்யூட்டரிடம் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன ஆகும்? அது திணறும். எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார், அமெரிக்காவைச் சேர்ந்த பிராம் கோஹன். 2001-ம் ஆண்டில் அவர் உருவாக்கிய முறைதான் "பிட்டாரண்ட்". சுருக்கமாக "டாரண்ட்" என்கிறார்கள்.

துண்டு துண்டாக...

இந்த முறையில் பைல் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டை ஒருவரிடமும், இன்னொரு துண்டை வேறொருவரிடமும் உங்கள் கம்ப்யூட்டர் வாங்கும். வாங்கியதை மற்றவர்களுக்குக் கொடுக்கவும் செய்யும். ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான்! இதற்கு "கியூபிட்டாரண்ட்", "டிரான்ஸ்மிஷன்" போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

முன்பின் தெரியாதவர்கள் தரும் துண்டுகளை நம்பலாமா?

ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போல ஓர் அடையாளக் குறி உண்டு. அந்தக் குறிகள் "டாரண்ட் பைல்" என்ற சிறு பைலில் இருக்கும். குறி ஒத்துப்போகாத துண்டைக் கம்ப்யூட்டர் தள்ளிவிடும்.

ஆபத்து எங்கே?

டாரண்ட் பைலைத் தயாரித்தவனே மோசக்காரனாக இருந்தால்? அவன் வைத்த விஷம் ஒரு துளியும் குறையாமல் வந்து சேரும்! எனவே, டாரண்ட் பைல் யாரிடம் இருந்து வந்தது என்பதே முக்கியம். அதை வெளியிட்டவர்களின் சொந்த இணையதளத்திலேயே எடுக்க வேண்டும். "உபுண்டு", "டெபியன்", "லிப்ரே ஆபீஸ்" ஆகிய இலவச மென்பொருள்களை அவற்றின் தளங்களிலேயே டாரண்ட் மூலம் பெறலாம்.

பாட்டு என்று சொல்லிவிட்டு, பைல் பெயரின் கடைசியில் "இ.எக்ஸ்.இ." என்ற எழுத்துகள் இருந்தால் அதைத் திறக்கவே கூடாது. அது பாட்டு அல்ல. கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கும் புரோகிராம்!

சிறைத் தண்டனை

புதுப்படங்களை அனுமதி இல்லாமல் இறக்குவதும் ஆபத்தே. வாங்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்கும் கொடுக்கிறீர்கள். உங்கள் இணைய முகவரி எண்ணும் அவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே இக்குற்றம் செய்தால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

3 நாள் பதுங்கிய வைரஸ்

2016 மார்ச்சில் "டிரான்ஸ்மிஷன்" மென்பொருளின் சொந்த இணையதளத்திலேயே விஷமிகள் கைவரிசை காட்டினார்கள். "மேக்" கம்ப்யூட்டருக்கான மென்பொருளில் "கீரேஞ்சர்" என்ற வைரசைக் கலந்துவிட்டார்கள். அது 3 நாள் பதுங்கி இருக்கும். பிறகு பைல்களைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு ஒரு பிட்காயின் கேட்கும். அன்று அதன் மதிப்பு சுமார் 400 டாலர்! விஷயம் தெரிந்ததும் அதை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை வெளியிட்டார்கள்.

நல்ல இடத்திலும் இப்படி நடக்கலாம். ஆகவே கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இன்னொரு பிரதி எடுத்து, தனி டிஸ்கில் போட்டு, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிப் பத்திரமாக வையுங்கள். பூட்டுப் போடுகிறவன் வந்தாலும் அவை உங்கள் கையில் இருக்கும்.