பழைய காரின் நாவியைக் கழற்றாமல் புளூடூத் இணைப்பது எப்படி?

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய கார்கள் இன்னும் எம்மவர் வீட்டு வாசல்களில் நிற்கின்றன. எஞ்சினில் குறையில்லை, கார் வாங்கும்போதே இருந்த நாவித் திரையும் வேலை செய்கிறது. ஆனால் கைத்தொலைபேசியில் வரும் தமிழ் வானொலியை அதன் ஒலிபெருக்கிகளில் கேட்க முடிவதில்லை. பிள்ளைகள் தமிழைத் தொடர்ந்து கேட்கும் நேரம் பல வீடுகளில் காருக்குள் போகும் அரைமணி நேரம்தான். அது வீணாகிறது.

நோர்வேயிலும் சுவிஸிலும் இந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தெரியும். நோர்வேயின் தேசிய வானொலிகள் 2017 இல் எஃப்.எம். அலைவரிசையை விட்டு டி.ஏ.பி.க்கு மாறின. சுவிஸ் பொது வானொலி 2024 இறுதியுடன் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது. பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் டி.ஏ.பி. இல்லை.

"எங்கள் காரில் புளூடூத் இருக்கிறதே, ஏன் பாட்டு வரவில்லை?" என்று பலர் கேட்பதுண்டு. புளூடூத்தில் தொலைபேசி அழைப்புக்கு ஒரு முறையும் இசைக்கு வேறொரு முறையும் உண்டு. அக்காலக் கார்கள் பலவற்றில் அழைப்புக்கான முறை மட்டுமே இருந்தது.

அப்படியென்றால் முழுத் திரையையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதில் சிக்கல் இருக்கிறது. உதாரணமாக, 2004 முதல் 2009 வரையான ரொயோட்டா பிரியஸில் குளிரூட்டி, வெப்பமூட்டி அமைப்புகளும் அதே தொடுதிரையில்தான் இருக்கின்றன. திரையை அகற்றினால் அவற்றைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். எனவே இருப்பதை வைத்துக்கொண்டு, அதற்குள் ஒலி நுழைய ஒரு வழி தேடுவதே நல்லது. வழிகள் நான்கு.

முதலில் கைப்பெட்டிக்குள்ளும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டிக்குள்ளும் 'ஓக்ஸ்' துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிறிய புளூடூத் வாங்கி ஒன்றைச் செருகினால் போதும். செலவும் குறைவு, ஒலியும் தெளிவு.

துளை இல்லையென்றால், பின்பக்கத்திலோ கைப்பெட்டியிலோ பல இறுவட்டுகளை மாற்றும் கருவிக்கான இணைப்பு இருக்கலாம். ஆனால் வெறும் வயரைக் கொடுத்தால் ஒலி வராது. தரவுக் கம்பி வழியாக அந்தக் கருவி பதில் சொன்னால்தான் வானொலிப் பெட்டி அந்த வாசலைத் திறக்கும். இதற்கென விற்கப்படும் இணைப்பான்கள் அந்தக் கருவிபோலவே பதில் சொல்லி, தொலைபேசியின் ஒலியை உள்ளே விடுகின்றன. வாங்குமுன் காரின் மாதிரி, ஆண்டு, நாவி உண்டா இல்லையா என்ற மூன்றையும் சரிபாருங்கள். நாவி உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் இணைப்பான் வேறுபடலாம். சில கார்களில் இறுவட்டு மாற்றியைக் கைவிட வேண்டியும் வரும்.

பி.எம்.டபிள்யூ., மெர்சிடஸ், வொல்வோ போன்ற கார்கள் பலவற்றில் ஒலி, செம்புக் கம்பியில் அல்லாமல் ஒளியிழையில் வளையமாக ஓடுகிறது. அதற்குத் தனி இணைப்பான் வேண்டும். வளையத்தில் ஓரிடம் அறுந்தாலும் முழு ஒலியமைப்பும் நின்றுவிடலாம். இழையைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது. இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

எதுவும் இல்லையென்றால், சிகரெட் லைற்றரில் செருகும் எஃப்.எம். கருவி இருக்கிறது. வெற்று அலைவரிசை ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். லண்டன், ரொறன்ரோ போன்ற நகரங்களில் இது கடினம், இரைச்சல் கலக்கும். தேசிய வானொலிகள் விலகிய நோர்வேயில் இடம் சற்று அதிகம்.

பெட்டியைக் கழற்றுபவர்கள் முதலில் பற்றரியைத் துண்டியுங்கள். அதற்கு முன் வானொலியின் பாதுகாப்பு இலக்கம் கையில் உள்ளதா என்று பாருங்கள். சில கார்களில் அது இல்லாமல் வானொலி திரும்ப இயங்காது. மஞ்சள் நிற இணைப்புகள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை, அவற்றைத் தொடாதீர்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வந்தால், அது பெரும்பாலும் மின்னிணைப்பிலிருந்து வருவது. 'கிரவுண்ட் லூப்' வடிகட்டி ஒன்றைப் போட்டால் பொதுவாகக் குறையும்.

எந்த வழியை எடுத்தாலும், வானொலியையும் பாட்டையும் கார் புறப்படுமுன் தெரிவுசெய்து வையுங்கள். ஓடும்போது தொலைபேசியைக் கையில் எடுத்தால் பல நாடுகளில் தண்டப்பணம் உண்டு. பின் இருக்கையில் இருப்பவர்கள் எம் பிள்ளைகள் என்பதையும் நாம் மறக்கலாகாது.