முன் போர்க்கில் எண்ணெய் கசிகிறதா?

மழைக்காலம் வந்துவிட்டால் பெங்களூர் ரோடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சிவாஜி நகரில் புறப்பட்டு பீனியா தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை பள்ளம், எத்தனை மேடு! தண்ணீர் நின்றுவிட்டால் பள்ளம் எது, ரோடு எது என்றே தெரியாது. அத்தனை அடியையும் முதலில் வாங்குவது மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம். அந்த அடி நம் கைக்கு ஏறாமல் தாங்குவது, சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள குழாய்கள். மெக்கானிக்குகள் இதை "போர்க்" என்பார்கள்.

டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். செயின் தொங்கினால் சத்தம் கேட்கும். போர்க் அப்படி அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். தினமும் ஓட்டுகிறவருக்குக் கை பழகிவிடுவதால் தெரிவதில்லை. சனிக்கிழமை மாலை ஓசூர் ரோட்டில் ஊருக்குக் கிளம்பி, முன்னால் போகிற லாரி திடீரென்று நிற்கும்போது பிரேக்கை அழுத்தினால், வண்டியின் மூக்கு மடாரென்று கீழே போகும். அப்போதுதான் தெரியும்.

"எல்லா ஹோகிதே"

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் வண்டி அப்படித்தான் ஆயிற்று. காட்டிய முதல் மெக்கானிக், "எல்லா ஹோகிதே சார்" என்று கையை விரித்தார். போர்க் முழுவதையும் மாற்ற வேண்டுமாம். ஆயிரக்கணக்கில் செலவு. நண்பர் யோசித்துவிட்டு இன்னொருவரிடம் போனார். அவர் குழாயைக் கழற்றி உருட்டிப் பார்த்தார். வளைவு இல்லை, துரு இல்லை. போனது இரண்டு ஆயில் சீலும், கறுத்துப்போன எண்ணெயும்தான். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

முதல் மெக்கானிக் ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. கழற்றிப் பார்க்காமலே சொன்னதுதான் தப்பு.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்ளே நீளமான ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல் பிடித்து நிறுத்துவது எண்ணெய். சிறு துவாரங்கள் வழியாக அது மெதுவாகத்தான் போய்வர முடியும் என்பதால் ஆட்டம் அடங்குகிறது. இப்படி எண்ணெயால் அடக்கும் போர்க்கை 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் மோட்டார் சைக்கிள்களில் பொருத்தியது. இன்று சாதாரண வண்டிகளிலும் இருப்பது அதே தத்துவம்தான்.

எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். சேறும் மணலும் குழாயில் காய்ந்து, மேலும் கீழும் உரசும்போது அதன் உதடு கிழிகிறது.

நீங்களே பார்க்கலாம்

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஹேண்டில்பாரை உடம்பின் பாரம் கொடுத்துக் கீழே அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு, மூன்று தடவை ஆடினால் எண்ணெய் குறைந்துவிட்டது, அல்லது நீர்த்துவிட்டது. பிறகு, பளபளக்கும் குழாயை விரலால் தடவுங்கள். பிசுபிசுவென்று வளையம் வளையமாக எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது. டிஸ்க் பிரேக் உள்ள பக்கத்தில் கசிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் வழிந்து பிரேக் பேடில் பட்டால் பிரேக் வழுக்கும்.

இன்னொன்று உண்டு. பிரேக் பிடித்தால் "டக்" என்று சத்தம். இதைக் கேட்டதும் போர்க்கைக் குறை சொல்வார்கள். பல சமயம் குற்றவாளி ஹேண்டிலுக்குக் கீழே உள்ள கோன் செட். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, போர்க்கின் அடிப்பாகத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் மேலே, கழுத்தில் இருந்தால் கோன் செட். ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்கி நின்றாலும் அதுதான். போர்க்கை மாற்றினால் இந்தச் சத்தம் போகாது, காசுதான் போகும்!

மாற்றும்போது

சக்கரம், மட்கார்டு, காலிப்பர் எல்லாம் கழற்ற வேண்டிய வேலை இது. காலிப்பரை அதன் ஹோஸ் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். போர்க்கின் மேல் மூடியை, குழாய் வண்டியில் இறுக்கமாக இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்வது புத்திசாலித்தனம். முழுவதும் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது.

குழாயைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரியும். சீல் உரசும் இடத்தில் துருப்புள்ளி இருந்தால், புது சீல் போட்டும் பயன் இல்லை. சீக்கிரமே மறுபடி கசியும். அப்போது குழாயையும் மாற்றத்தான் வேண்டும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிற குழாயையும் இப்படி உருட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சீலை ஜே.சி. ரோடு கடைகளில் வாங்குவதானால் பழையதைக் கையோடு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். எண்ணெய், போர்க்குக்கு என்றே விற்பதுதான். மிச்சம் இருக்கிற எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு, அனுமதிக்காதீர்கள். அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் மில்லிக் கணக்கில் இருக்கும். கண் மதிப்பில் ஊற்றக் கூடாது. இரு பக்கமும் ஒரே அளவு ஊற்றி, குழாயைப் பல முறை மேலும் கீழும் இழுத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, குழாயின் விளிம்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு இறக்கினால் கிழியாது.

சக்கரத்தை மாட்டியதும் அச்சை முழுவதும் இறுக்கிவிடாமல், போர்க்கை நாலைந்து தடவை அமுக்கிவிட்டுப் பிறகு இறுக்குவார் நல்ல மெக்கானிக். இரு குழாய்களும் நேராக நிற்பதற்காக இது.

வண்டியை எடுக்கும் முன் முன் பிரேக் லீவரைச் சில தடவை அழுத்திப் பாருங்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டிய வண்டியில் முதல் அழுத்தத்துக்கு பிரேக் பிடிக்காமல் போவது உண்டு. ஒரு வாரம் ஓட்டிவிட்டு, குழாயை மறுபடி விரலால் தடவிப் பாருங்கள்.