வறட்சிக் காலத்தில் வீட்டு நீர்ச் சிக்கனம்

வறட்சிக் காலத்தில் வீட்டு நீர்ச் சிக்கனம் என்பது, மழை பொய்த்துக் குடிநீர் விநியோகம் குறைக்கப்படும் நாள்களில், உடல்நலத்துக்குக் கேடு வராமல் ஒரு குடும்பம் தன் நீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். கசிவுகளை அடைத்தல், பயன்பாட்டை அளந்து குறைத்தல், ஒருமுறை பயன்பட்ட நீரை மறுமுறை பயன்படுத்துதல், சேமித்த நீரைத் தூய்மையாக வைத்திருத்தல், மழைநீரை நிலத்துக்குள் இறக்குதல் ஆகிய ஐந்தும் இதன் முக்கியப் பகுதிகள். சென்னை மாநகரம் 2019ஆம் ஆண்டு கண்ட தண்ணீர்ப் பஞ்சத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறைகள் கீழே விளக்கப்படுகின்றன.

பின்னணி: சென்னை, 2019

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளே நீண்ட காலமாகச் சென்னையின் குடிநீருக்கு ஆதாரம். இவற்றின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. இவை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. 2018ஆம் ஆண்டின் பருவமழை பெருமளவு பொய்த்ததால், 2019 ஜூன் மாதத்தில் இந்த ஏரிகளில் மொத்தக் கொள்ளளவில் 1 விழுக்காடு நீர்கூட இல்லை. கிருஷ்ணா நீரும் போதிய அளவு வரவில்லை.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் ஏறத்தாழ 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. வீராணம் ஏரி, மீஞ்சூர் மற்றும் நெம்மேலி கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையங்கள், சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகள் ஆகியவற்றிலிருந்து கிடைத்த நீரே நகரத்தைத் தாங்கியது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீருடன் முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

அந்த ரயில் கொண்டுவந்த 25 லட்சம் லிட்டர், குறைக்கப்பட்ட ஒரு நாள் விநியோகத்தில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு லட்சம் வீடுகள் தலா 25 லிட்டர் சேமித்தால் அதே அளவு நீர் ஒவ்வொரு நாளும் மிச்சமாகும். வீட்டுச் சிக்கனத்தின் பயனை இந்தக் கணக்கிலிருந்து அறியலாம்.

ஒரு குடும்பத்தின் நீர்க் கணக்கு

பாதாளச் சாக்கடை வசதி உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது இந்திய அரசின் திட்ட அளவுகோல். நால்வர் உள்ள குடும்பத்துக்கு இது 540 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் கொள்ளும் எனக் கொண்டால் 36 குடங்கள்.

சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. எவ்வளவு செலவாகிறது என்பது தெரியாதபோது எங்கே குறைப்பது என்பதும் தெரியாது. ஆகவே மீட்டர் இல்லாத வீட்டில் குடமே அளவுகோல். தெருமுனை அடிபம்பிலும் லாரியிலும் தண்ணீர் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை நாள்தோறும் போடுகிறார்கள். குழாயைத் திறந்தால் நீர் வரும் வீடுகளில்தான் கணக்கு மறந்துபோகிறது.

கடும் பற்றாக்குறை நாள்களுக்கு, நால்வர் உள்ள குடும்பத்தின் மாதிரிக் கணக்கு ஒன்று:

குடிக்கவும் சமைக்கவும்: 2 குடம்
குளிக்க, ஆளுக்கு ஒரு குடம்: 4 குடம்
பாத்திரம் துலக்க: 2 குடம்
துணி துவைக்க: 4 குடம்
கை, கால், முகம் கழுவ: 2 குடம்
கழிப்பறைக்கு: 6 குடம்

மொத்தம் 20 குடம். துணி அலசிய 4 குடம் நீரையும் வாளியில் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தினால், புதிதாகத் தேவைப்படுவது 16 குடம், அதாவது 240 லிட்டர். ஒருவருக்கு 60 லிட்டர். வீடு துடைக்க அலசிய நீரிலேயே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை, முதியவர், நோயாளி உள்ள வீடுகளில் இந்த அளவு கூடும்.

கசிவும் வழிவும்

சிக்கனத்தில் முதலில் செய்ய வேண்டியது கசிவை நிறுத்துவது. இதனால் யாருடைய பழக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை. சொட்டும் குழாயின் கீழ் 250 மில்லிலிட்டர் டம்ளர் ஒன்றை வைத்து, நிரம்பும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் நாளொன்றுக்கு 6 லிட்டர், மாதத்துக்கு 180 லிட்டர், அதாவது 12 குடம் நீர் வீணாகிறது. பெரும்பாலும் தேய்ந்த வாஷரை மாற்றினாலே கசிவு நின்றுவிடும்.

கழிப்பறைத் தொட்டியின் கசிவு கண்ணுக்கும் காதுக்கும் எளிதில் தெரியாது. தொட்டி நீரில் சிறிது மஞ்சள் தூளையோ துணிக்குப் போடும் சொட்டு நீலத்தையோ கலந்து, அரை மணி நேரம் பயன்படுத்தாமல் விட வேண்டும். கோப்பைக்குள் நிறம் தெரிந்தால் உள்ளே ரப்பர் அடைப்பு சரியாக மூடவில்லை என்று பொருள்.

தரைக்கீழ்த் தொட்டியின் கசிவை அறிய, இரவு எல்லாரும் படுத்த பின் ஒரு கம்பால் நீர்மட்டத்தை அளந்து குறித்து, காலையில் முதல் குழாயைத் திறக்கும் முன் மீண்டும் அளக்க வேண்டும். இடையில் நீர் வந்திருக்கவோ மோட்டார் ஓடியிருக்கவோ கூடாது. மட்டம் குறைந்திருந்தால் தொட்டியிலோ குழாயிலோ விரிசல் இருக்கலாம். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து மொட்டைமாடித் தொட்டி வழிவதைத் தடுக்கத் தானாக நிற்கும் கருவி பொருத்தலாம். அது இல்லாத வீட்டில், தொட்டி நிரம்பும் நேரத்தைக் குறித்து வைத்து அலாரம் வைப்பதே போதும்.

தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி குற்றம். அது கடைசி வீட்டுக்காரரின் பங்கைப் பறிக்கிறது. மேலும், குழாயில் விரிசல் இருந்தால் அருகிலுள்ள சாக்கடை நீரும் அவ்வழியே உள்ளே இழுக்கப்படும். பற்றாக்குறைக் காலத்தில் குடிநீர் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழிப்பறை

பழைய கழிப்பறைத் தொட்டிகள் ஒருமுறைக்கு 10 லிட்டருக்கும் மேல் நீரை வெளியேற்றும். இரண்டு பொத்தான்கள் கொண்ட புதிய தொட்டிகளில் சிறியது ஏறத்தாழ 3 லிட்டரும் பெரியது ஏறத்தாழ 6 லிட்டரும் செலவிடும். தொட்டியை மாற்ற இயலாதவர்கள், ஒரு லிட்டர் பாட்டிலில் நீரோ மணலோ நிரப்பி இறுக மூடித் தொட்டிக்குள் வைக்கலாம். மிதவையிலோ அடைப்பிலோ அது உரசக் கூடாது. நாளொன்றுக்கு 25 முறை பயன்படும் வீட்டில் இதனால் 25 லிட்டர் மிச்சமாகும். ஒரு லட்சம் வீடுகள் இதைச் செய்தால் கிடைப்பது, ஜோலார்பேட்டை ரயில் ஒருமுறை கொண்டுவந்த அளவு.

செங்கல்லைத் தொட்டிக்குள் போடுவது தவறு. அது நாளடைவில் கரைந்து, துகள்கள் அடைப்பில் சிக்கிப் புதுக் கசிவை உண்டாக்கும்.

குளியல், துவையல், சமையல்

பூத்தூவல் குழாய் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை கொட்டும். ஐந்து நிமிடக் குளியலுக்கு 40 முதல் 50 லிட்டர். வாளியும் குவளையும் கொண்டு குளித்தால் 15 லிட்டரில் முடியும். பல் துலக்கும்போதும் சவரம் செய்யும்போதும் குழாயைத் திறந்து விடாமல் குவளை நீரைப் பயன்படுத்துவதும் இதே கணக்கில் சேரும்.

துவைக்கும் இயந்திரத்தை முழு அளவுத் துணி சேர்ந்த பிறகே இயக்க வேண்டும். கையால் துவைப்பவர்கள் சோப்புத்தூளைக் குறைத்தால் அலசும் நீரும் குறையும். பாத்திரங்களை முதலில் வழித்து, துலக்கி, பிறகு இரண்டு அகன்ற பாத்திரங்களில் அடுத்தடுத்து அலசினால், ஓடும் குழாயில் கழுவுவதை விட மிகக் குறைந்த நீர் போதும். காய்கறிகளையும் ஒரு பாத்திரத்து நீரில் கழுவ வேண்டும். அந்த நீரும் அரிசி களைந்த கழுநீரும் செடிகளுக்கு உதவும். கழுநீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது பழைய வழக்கமே.

ஒரே நீரை இருமுறை பயன்படுத்துதல்

எல்லாக் கழிவுநீரும் ஒன்றல்ல. எது எதற்கு உதவும் என்று பிரித்தறிவது அவசியம்.

துணியைக் கடைசியாக அலசிய நீர், அடுத்த முறை துணி ஊறவைக்கவும், வீடு துடைக்கவும், கழிப்பறைக்கும் உதவும். குளித்த நீரை வாழை, கல்வாழை, சேம்பு ஆகியவற்றுக்குப் பாய்ச்சலாம். கிணற்றடியிலும் குளியலறைப் புறத்திலும் இச்செடிகளை வைக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. சோப்புத்தூள் மிகுந்த முதல் துவையல் நீரைத் தொட்டிச் செடிகளுக்கும் கீரைகளுக்கும் ஊற்றக் கூடாது.

ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு லிட்டருக்கும் மேல் கழிவாக வெளியேற்றுவது வழக்கம். இதில் உப்பு செறிந்திருப்பதால் குடிக்கவோ, தொடர்ந்து செடிக்கு ஊற்றவோ உகந்ததல்ல. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஏற்றது. குளிரூட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீரும் அவ்வாறே பயன்படும். எண்ணெய்ப் பசையுள்ள சமையலறைக் கழிவுநீரை மறுபடி பயன்படுத்த இயலாது.

பயன்படுத்திய நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் நாற்றமடிக்கும், கிருமிகள் பெருகும். அன்றைய நீரை அன்றே செலவழிக்க வேண்டும்.

சேமித்த நீரின் பாதுகாப்பு

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும்போது, புது நீர் வந்தவுடன் முந்தைய நீரைப் "பழைய தண்ணீர்" என்று கொட்டிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பற்றாக்குறை நாள்களில் இது பெரிய இழப்பு. கழுவிய பாத்திரத்தில் மூடி வைத்த நீர் ஓரிரு நாளில் கெட்டுவிடுவதில்லை. குடிக்க மனம் ஒப்பாதவர்கள் அதைத் துவைக்கவோ துலக்கவோ எடுத்துக்கொள்ளலாம்.

திறந்த குடமும் அண்டாவும் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடங்கள். இக்கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே எல்லாப் பாத்திரங்களையும் மூடி வைப்பதுடன், வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால், நீரை மட்டும் மாற்றினால் போதாது.

லாரித் தண்ணீரையும் அடிபம்பு நீரையும் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய பின்னரே குடிக்க வேண்டும். குடிநீர்ப் பாத்திரத்துக்குள் கைவிடாமல், நீண்ட காம்புள்ள குவளையால் மொண்டு எடுப்பது நல்லது.

குறைக்கக் கூடாதவை

சிக்கனம் நோயை வரவழைக்கக் கூடாது. குடிக்கும் நீர், சமைக்கும் முன்பும் கழிப்பறை சென்ற பின்பும் சோப்பால் கைகழுவும் நீர், குழந்தைகளின் தூய்மைக்கும் மாதவிடாய்க் காலத் தூய்மைக்கும் தேவையான நீர் ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. கழிப்பறை செல்ல நேரும் என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பெண்களும் மாணவியரும் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம். நீருக்காக வரிசையில் நிற்பதும் குடம் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகின்றன. அதனால் குடும்பத்தில் அவர்களின் பங்கு கடைசியாக ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேப் டவுன் தரும் பாடம்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், குழாய்கள் அடைக்கப்படும் நாளை "சுழிய நாள்" என்று முன்னறிவித்து, 2018 பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என வரம்பு விதித்தது. இரண்டு நிமிடக் குளியலும், குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுவதும் அங்கு வழக்கமாயின. நகரத்தின் நீர்ச் செலவு சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. பின்னர் குளிர்கால மழையும் வந்ததால் அந்த நாள் வரவேயில்லை. அங்கே வீடுகளில் மீட்டர் இருந்ததும், எல்லாருக்கும் ஒரே வரம்பு சொல்லப்பட்டதும் கவனிக்கத்தக்கவை.

அடுத்த கோடைக்கான ஏற்பாடு

சிக்கனம் இருக்கும் நீரை நீட்டிக்கும், புதிய நீரைத் தராது. அதைத் தருவது மழையே. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர அடி மொட்டைமாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், அந்த மாடியில் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். மேலே கண்ட மாதிரிக் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 240 லிட்டர் வீதம் ஓராண்டுக்கும் மேலாகப் போதுமானது. அவ்வளவையும் தொட்டியில் நிறுத்த முடியாது. கிணற்றிலும் உறிஞ்சுகுழியிலும் இறக்கினால் நிலத்தடி நீர்மட்டம் உயரும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புநீர் உட்புகுவதையும் அது தடுக்கும்.

பல வீடுகளில் இந்த அமைப்பு பெயரளவில் இருக்கிறது. குழாய் இருந்தும் குழி தூர்ந்திருக்கும். செப்டம்பர் மாதத்துக்குள் மாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பை நீக்கி, குழியிலுள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவி மீண்டும் நிரப்ப வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டு, அடுத்த மழையிலிருந்து சேகரிக்கலாம். வறட்சியின்போது மட்டும் நினைவுக்கு வரும் இந்த வேலையை, மழைக்கு முந்தைய மாதத்தில் செய்கிற வீட்டுக்கே அடுத்த மே மாதத்தில் கிணறு கைகொடுக்கும்.