ஆழத்து மணற்பாறையும் இயற்கை எரிவாயுவும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் கேரள–தமிழக எல்லைக் கிராமங்களில் கிணறு வெட்டுவோர், செம்மண்ணையும் வெட்டுக்கல்லையும் கடந்தபின் முட்டுவது கொண்டலைட் முதலிய பழம்பாறைகளேயாகும். ஆதியில் சேறும் மணலுமாகப் படிந்த கொண்டலைட், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் உஷ்ணத்துக்கு ஆட்பட்டு முற்றிலும் உருமாறியபடியால், அதிலிருந்த கரிப்பொருள் வாயுவாகத் தங்காமல் கிராஃபைட்டாக இறுகிவிட்டது. முற்காலத்தில் வெள்ளநாட்டில் தோண்டியெடுத்ததும் கிராஃபைட்டே. வடக்கே வர்க்கலைக் குன்றிலுள்ள மணற்பாறையோ மிக இளையது. போதிய ஆழத்தில் புதைந்ததேயில்லை. ஆகவே இக்கிராமங்களின் அடியில் எரிவாயுவைத் தேடுவது வீண்.

வாயு பிறக்க மிதமான உஷ்ணம் வேண்டும். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் ஏறுவதால், சில கிலோமீட்டர் ஆழத்தில் களிப்பாறையின் உயிர்ப்பொருள் சிதைந்து வாயுவாகி, அருகிலுள்ள மணற்பாறையின் நுண்துளைகளில் புகுந்து, மேலே மூடியாக அமைந்த மற்றொரு களிப்பாறையால் தடுக்கப்பட்டுத் தங்குகிறது. ஆயினும் எந்த ஆழம் வாயுவை உண்டாக்குகிறதோ அதே ஆழம் துளைகளையும் நசுக்குகிறது. படிகக் கல் வளர்ந்து இடைவெளிகளை அடைக்கிறது. மணற்பரல்களின்மீது மெல்லிய பச்சைக் களிமண் படலம் முன்னரே படிந்திருந்தால் மட்டும் அவ்வடைப்பு தாமதமாகும். ஆழ்பாறை ஆராய்ச்சியில் இதைவிட முக்கியமான நுட்பம் வேறில்லை என்பது என் கருத்து.

அதிர்வலைகளை அனுப்பி அடுக்குகளின் வடிவத்தை அறியலாம். ஆனால் துளையிட்டே வாயுவை உறுதிசெய்ய முடியும். வாயு இருப்பதும் அது வெளிவருவதும் ஒன்றல்ல என்பதற்குக் கிருஷ்ணா–கோதாவரிக் கடற்பகுதியே சாட்சி. 2005-இல் குஜராத் மாநிலப் பெட்ரோலியக் கழகம் அங்கு 5,000 மீட்டருக்கும் கீழே மணற்பாறையில் வாயுவைக் கண்டது. 20 டிரில்லியன் கன அடி இருக்குமென்று அறிவிப்பும் வந்தது. ஆனால் ஊடுருவ இயலாத இறுக்கமும், சுமார் 200 டிகிரி உஷ்ணமும், மிகுந்த அழுத்தமும் கிணறுகளை முடக்கிவிட, எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை. 2017-இல் அவ்வயலில் கழகத்துக்கிருந்த 80 சதவீதப் பங்கை ஓ.என்.ஜி.சி. வாங்கிக்கொண்டது. அதற்கு மாறாக, இராமநாதபுரத்து மணற்பாறைகளின் வாயு பேராரவாரமின்றி வழுதூர் மின்நிலையத்தை இயக்கி வருகிறது.

ஆதலால், புதிய வாயுக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பத்திரிகையில் வாசிக்கும் அன்பர்கள், பூமிக்குள் எவ்வளவு இருக்கிறதென்பதை விட்டு, சோதனையில் நாளொன்றுக்கு எவ்வளவு வந்தது, எத்தனை நாள் குறையாமல் வந்தது என்பதையே முதலில் கேட்கவேண்டும்.